உழைப்பைத் தாங்கும் சக்தியும் செடிகளின் காப்புப் பொருள்களும்

சில வருஷங்களாக மருந்துக் கடைகளிலும் தேகப்பயிற்சிக் கூடங்களிலும் ஒருவகைப் பொடிகளும் மாத்திரைகளும் மிகுதியாக விற்பனைக்கு வந்துள்ளன. வெங்காயம், திராட்சை, தேயிலை, நெல்லி, பீட்ரூட் முதலியவற்றின் சாரம் என்று அவற்றின்மீது எழுதப்பட்டிருக்கும். அச்சாரத்திலுள்ள 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்னும் பொருள்கள் களைப்பை நீக்கி, நெடுநேரம் ஓடவும் உழைக்கவும் வல்லமை தரும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன.

இவ்விஷயம் விவசாயக் குடும்பங்களை இரு வழிகளில் தொடுகின்றது. போலீஸ் சேர்க்கைக்கும் ராணுவச் சேர்க்கைக்கும் விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பழகும் பிள்ளைகள், வீட்டார் கூலியிலிருந்து மிச்சம் பிடித்த பணத்தை இப்பொடிகளுக்குச் செலவிடுகின்றனர். மற்றொரு புறம், இன்ன பயிரில் இன்ன சத்து உள்ளது, அதற்குப் பெருங்கிராக்கி வரப்போகின்றது என்று சொல்லி நிலத்தை அப்பயிருக்குத் திருப்பும்படி தூண்டுவோரும் உண்டு. பணத்தைச் செலவிடுமுன்பும், பயிரை மாற்றுமுன்பும், இப்பொருள்களைப் பற்றிய பரிசோதனைகள் எதைக் காட்டியுள்ளன என்பதை அறிந்து கொள்ளுதல் நலம்.

செடிக்கு இவை எதற்கு?

மனிதன் வெயில் கடுமையானால் நிழலுக்கு ஒதுங்குகின்றான். செடி ஒதுங்க இயலாது. இலை தன் உணவைத் தயாரிப்பதற்கு வேண்டியதைவிட அதிக வெளிச்சம் அதன்மேல் விழும்போது, மிஞ்சிய சக்தி பிராணவாயுவோடு சேர்ந்து அதனைத் தீவிர வடிவங்களாக மாற்றிவிடுகின்றது. இத்தீவிர வடிவங்கள் தமக்குக் குறைவாயுள்ள எலக்ட்ரானை அருகிலிருக்கும் எப்பொருளிலிருந்தும் பறித்துக்கொள்ளும் தன்மையுடையவை. அப்படிப் பறிகொடுத்த கொழுப்பும் புரதமும் கெட்டுப்போகின்றன. இரும்பு துருப்பிடிப்பதும், எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த மாறுதல்களே. இக்கேட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி பலவகைப் பொருள்களை உண்டாக்கி வைத்துக்கொள்கின்றது. ஜீவசத்து சி, ஜீவசத்து ஈ, காரட்டின் மஞ்சள் நிறப் பொருள், தேயிலையின் துவர்ப்பு, திராட்சைத் தோலின் நிறம் ஆகியன அவற்றுட் சில. இக்கட்டுரையில் இவை காப்புப் பொருள்கள் என்றே குறிக்கப்படும்.

வெங்காயத்தில் உள்ள முக்கியமான காப்புப் பொருள் க்வெர்செட்டின் என்பது. செந்நிற வெங்காயத்திலும் மஞ்சள் வெங்காயத்திலும் இது நிறைய உண்டு. வெள்ளை வெங்காயத்தில் அநேகமாக இல்லை எனலாம். ஒரே வெங்காயத்திலும் வெளிச்சம் படும் மேற்புறத்து ஏடுகளில் அதிகமாகவும், உட்புறத்துக் குருத்தில் சொற்பமாகவும் இருக்கும். காய்ந்த சருகோடு நில்லாமல் சதையுள்ள ஏட்டையும் சேர்த்து உரித்தெறியும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. நல்ல பாகம் குப்பைக்குப் போவதற்கு அதுவே வழி.

கொள்கை தோன்றிய விதம்

தசைகள் வேலை செய்யும்போது பிராணவாயுவைச் சாதாரண நிலையைவிடப் பன்மடங்கு அதிகமாகப் பயன்படுத்துகின்றன. அப்போது அதில் ஒரு சிறு பகுதி, மேலே கூறிய தீவிர வடிவங்களாக மாறுகின்றது. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள், எலிகளைக் களைத்து விழும்வரை ஓடச்செய்து, அவற்றின் தசையையும் ஈரலையும் சோதித்தார்கள். ஓடிய எலிகளில் இத்தீவிரப் பொருள்கள் இரண்டு மூன்று மடங்கு மிகுந்திருந்தன. ஜீவசத்து ஈ இல்லாத உணவில் வளர்ந்த எலிகள், மற்றவற்றைவிட மிக முன்னதாகவே களைத்துவிட்டன.

இதிலிருந்து ஒரு கொள்கை பிறந்தது. உழைப்பினால் உடம்பில் ஒருவகைத் துரு உண்டாகின்றது. துருவைத் தடுக்கும் பொருளை மிகுதியாக உட்கொண்டால் உழைப்பைத் தாங்கும் சக்தி பெருகும் என்பது அது. கேட்பதற்குப் பொருத்தமாயிருந்தமையால் வியாபாரிகளும் விரைவில் இதனைப் பற்றிக்கொண்டனர். ஆயினும் இதில் ஒரு சறுக்கல் உண்டு. சத்துக் குறைந்த எலி சீக்கிரம் களைத்தது என்பதனால், குறைவில்லாத மனிதனுக்கு மேன்மேலும் கொடுத்தால் வலிமை கூடும் என்று ஆகாது. துத்தநாகக் குறைவுள்ள வயலில் துத்தநாக சல்பேட் இட்டால் நெற்பயிரின் மஞ்சள் மாறித் தழைப்பதைக் குடியானவர்கள் கண்டிருக்கின்றனர். குறைவில்லாத வயலில் அதையே மூட்டை மூட்டையாகக் கொட்டினால் செலவுதான் கண்ட பலன்.

மனிதரிடம் நடந்த பரிசோதனைகள்

2008-இல் ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகர ஆராய்ச்சியாளர்கள், எட்டு வாரம் பயிற்சி செய்த ஆண்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் 1 கிராம் ஜீவசத்து சி கொடுத்தனர். எலிகளிலும் இதையொத்த சோதனை நடந்தது. பயிற்சி மட்டும் பெற்ற எலிகளின் ஓடும் சக்தி வெகுவாக உயர்ந்திருக்க, பயிற்சியோடு ஜீவசத்தும் பெற்றவற்றின் சக்தி அவ்வளவு உயரவில்லை. தசைகளில் புதிய சக்தி உலைகள் உண்டாவதற்கான அறிகுறிகளும் குன்றியிருந்தன. மறு வருஷம் ஜெர்மனியில் ஏறக்குறைய 40 வாலிபர்களைக்கொண்டு நடந்த பரிசோதனையில், ஜீவசத்து சி, ஈ இரண்டையும் மாத்திரையாக உட்கொண்டவர்களுக்குத் தேகப்பயிற்சியினால் வழக்கமாகக் கிட்டும் நன்மையொன்று, அதாவது இன்சுலின் நன்கு வேலை செய்யும் தன்மை, கிட்டாமற் போயிற்று. 2014-இல் நார்வே தேசத்தில் ஆண்களும் பெண்களுமாக 54 பேர் பதினொரு வாரம் பயிற்சி செய்தனர். மாத்திரை உண்டவர்களும் உண்ணாதவர்களும் ஓட்டத்தில் ஏறக்குறையச் சமமாகவே முன்னேறினர். ஆனால் தசையைச் சிறிதளவு எடுத்துப் பார்த்தபோது, சக்தி உலைகளின் பெருக்கத்தைக் காட்டும் அடையாளங்கள் மாத்திரை உண்ணாதவர்களிடமே உயர்ந்திருந்தன.

சக்தி உலை என்று இங்கே கூறியது, தசையின் ஒவ்வொரு நுண்ணறையிலும் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் சிறு உறுப்புகளை. உணவும் பிராணவாயுவும் அங்கே கலந்தே வேலைக்கான சக்தி வெளிப்படுகின்றது. நெடுநேரம் உழைக்கக்கூடியவனின் தசையில் இவ்வுலைகள் அதிகம்.

காப்புப் பொருளை மிகுதியாகக் கொடுத்தால் பயிற்சியின் பயன் ஏன் மழுங்க வேண்டும்? காரணம் விசித்திரமானதன்று. தக்காளி, மிளகாய் நாற்றுகளைப் பிடுங்குவதற்குச் சில நாள் முன்னரே நாற்றங்காலுக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுவது வழக்கம். சிறிது வாட்டம் கண்ட நாற்று உறுதிப்பட்டு, நட்ட இடத்தில் பிழைத்துக்கொள்கின்றது. கடைசி நாள்வரை குளிரக் குளிரத் தண்ணீர் குடித்த நாற்று நட்டவுடன் சாய்கின்றது. உடம்பிலும் இவ்வாறே. பயிற்சியின்போது தோன்றும் அத்தீவிரப் பொருள்கள் கேடு செய்வன மட்டுமல்ல. 'வேலை அதிகமாயிற்று, உலைகளைப் பெருக்கு' என்று தசைக்குச் செய்தி சொல்லும் தூதுவரும் அவையே. மாத்திரையானது தூதுவனை வாயிற்படியிலேயே மறித்துவிடுகின்றது.

எல்லாப் பரிசோதனைகளும் தீங்கையே காட்டின என்று சொல்வது நியாயமாகாது. பலவற்றில் தீங்குமில்லை, நன்மையுமில்லை. பயிற்சிக்குப் பின் உண்டாகும் தசைவலியைக் குறைக்கும் என்ற விளம்பரத்தைப் பற்றி, 50 பரிசோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து 2017-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்புரை, உணரத்தக்க நன்மை எதுவும் இல்லை என்றே கண்டது. இச்சோதனைகளில் கொடுத்த 1000 மில்லிகிராம் ஜீவசத்து சி, வளர்ந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்குப் போதுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் குறித்த 80 மில்லிகிராமைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு நெல்லிக்காய் தின்பவனுக்கு இந்த அச்சம் வேண்டுவதில்லை.

வெங்காயத்தின் சாரமும் திராட்சையின் சாரமும்

ஜீவசத்துகள் போகட்டும், செடிகளுக்கே உரிய பிற காப்புப் பொருள்கள் எப்படி என்று கேட்கலாம். க்வெர்செட்டின் விஷயத்தில் தொடக்கம் உற்சாகமாகவே இருந்தது. 2009-இல் அமெரிக்காவின் தென் கரோலினா சர்வகலாசாலையில் ஏழு நாள் இதனை உண்ட சுண்டெலிகள் களைப்படையும்வரை ஓடிய நேரம் நன்கு நீண்டது. தசையிலும் மூளையிலும் சக்தி உலைகள் பெருகின. அதே வருஷம் ஜார்ஜியா சர்வகலாசாலையில் 30 வாலிபர்களுக்குத் தினம் 1 கிராம் வீதம் கொடுத்தபோது, போலி மருந்து உண்டவர்களைவிட அவர்கள் எவ்விதத்திலும் மேம்படவில்லை. பதினொரு பரிசோதனைகளை, மொத்தம் 254 பேரின் முடிவுகளை, 2011-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், ஏதோ நன்மை உண்டு, ஆனால் அது அற்பத்துக்கும் சிறிதுக்கும் இடைப்பட்டது என்று தீர்மானித்தனர். சுண்டெலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்க வேண்டுமென்ற நியதி இல்லை.

இங்கே வெங்காயம் பயிரிடுவோர் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செந்நிற வெங்காயத்தில் 100 கிராமுக்கு உத்தேசம் 20 முதல் 50 மில்லிகிராம் க்வெர்செட்டின் உண்டு. சோதனையில் கொடுத்த 1 கிராமைப் பெறவேண்டுமானால், ஒருவன் நாளொன்றுக்கு 2 கிலோ முதல் 5 கிலோ வரை வெங்காயம் தின்ன வேண்டும். ஆகவே, பொடியைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெங்காயத்தைப் பற்றிச் சொன்னதாகாது. இன்னொன்றும் உண்டு. கடைகளில் விற்கும் க்வெர்செட்டின் பெரும்பாலும் வெங்காயத்திலிருந்து எடுக்கப்படுவதே இல்லை. சீன தேசத்தில் மிகுதியாக வளரும் சோஃபோரா என்ற மரத்தின் பூமொக்குகளே அதற்கு முக்கியமான மூலம். புட்டியின்மேல் வெங்காயப் படம் இருக்கலாம். பெரம்பலூரிலும் திண்டுக்கல்லிலும் விளையும் சின்ன வெங்காயத்தின் விலை அதனால் ஒரு காசும் ஏறப்போவதில்லை.

வெங்காயத்தின் சார்பாகச் சொல்லவேண்டியதும் ஒன்று உள்ளது. 1995-இல் ஹாலந்து தேசத்தில் நடந்த ஆராய்ச்சியில், வதக்கிய வெங்காயத்தின் க்வெர்செட்டினில் 52 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. தனியே பிரித்தெடுத்த தூய க்வெர்செட்டினில் 24 சதவீதமே சேர்ந்தது. வெங்காயத்தில் அது ஒருவகைச் சர்க்கரையோடு பிணைந்திருப்பதே இதற்குக் காரணம். வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் ஒரு பகுதி நீரோடு போய்விடும். குழம்பிலும் சாம்பாரிலும் அந்நீர் பாத்திரத்திலேயே தங்குகிறது.

திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் என்பதன் வரலாறும் இதைப்போன்றதே. சுண்டெலிகளில் வியக்கத்தக்க பலன் கண்டதாக 2006-இல் செய்தி வந்தது. 2013-இல் கோபன்ஹேகன் நகரில், சுமார் 65 வயதுள்ள ஆண்கள் 27 பேருக்கு எட்டு வாரக் கடும் பயிற்சி கொடுக்கப்பட்டது. தினம் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் உண்டவர்களைவிட, போலி மாத்திரை உண்டவர்களின் பிராணவாயு ஏற்கும் திறனே அதிகமாக வளர்ந்திருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைத் தின்பதனால் இந்த அளவில் நூற்றிலொரு பங்கும் எட்டுவது அரிது. பழத்தைப் பழமாக உண்போருக்கு நன்மையே.

பசுந்தேயிலைச் சாரம் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் முக்கியமான காப்புப் பொருளை நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மாத்திரையாக உட்கொள்வோருக்கு ஈரல் பாதிக்கப்படும் அறிகுறிகள் தோன்றக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. தேநீராகக் குடிப்பதற்கு இது பொருந்தாது.

பீட்ரூட்டின் விசேஷம்

இதுவரை கூறியவற்றினின்றும் வேறுபட்டது பீட்ரூட். 2009-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் சர்வகலாசாலையில், எட்டு ஆண்கள் ஆறு நாள் தினம் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தனர். கடுமையான வேகத்தில் சைக்கிள் மிதிக்கையில் அவர்கள் களைத்து நிறுத்தும்வரை சென்ற நேரம் 583 விநாடியிலிருந்து 675 விநாடியாயிற்று. மிதமான வேலையைச் செய்ய அவர்களுக்குப் பிராணவாயுவும் முன்னைவிடக் குறைவாகவே வேண்டியிருந்தது. ஏரிக்கு அதே மழைதான், ஆயினும் பாயும் நிலம் கூடிற்று என்பது போன்ற செய்தி இது.

பீட்ரூட்டின் செந்நிறச் சாயமும் ஒரு காப்புப் பொருளே. ஆதலின், இப்பலனும் காப்புப் பொருளால் விளைந்ததென்று பலர் எண்ணினர். இவ்வெண்ணத்தைச் சோதிக்க எக்ஸிடர் ஆராய்ச்சியாளர்கள் ஒரு நல்ல யுக்தி செய்தனர். சாற்றிலிருந்த நைட்ரேட் உப்பை மாத்திரம் வடிகட்டியால் நீக்கி, நிறமும் மணமும் சுவையும் காப்புப் பொருள்களும் மாறாத மற்றொரு சாற்றைத் தயாரித்தனர். எது எச்சாறு என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. 2011-இல் வெளிவந்த முடிவுகளின்படி, நைட்ரேட் உள்ள சாறே பலன் தந்தது. நைட்ரேட் நீங்கிய சாறு, அத்தனை காப்புப் பொருள்களும் இருந்தும், பச்சைத் தண்ணீர்போல் பலனற்றுக் கிடந்தது.

நைட்ரேட் என்பது குடியானவர்களுக்குப் புதிதன்று. யூரியாவாகவோ தொழுவுரமாகவோ இட்ட தழைச்சத்து மண்ணில் மாறி, வேர் உறிஞ்சும் வடிவமே அது. செடியில் தங்கிய நைட்ரேட்டை நாம் உண்டால் அது குடலில் சேர்ந்து இரத்தத்தில் கலந்து, அங்கிருந்து எச்சிலுக்குத் திரும்பி வருகின்றது. நாவின் பின்புறத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதனை விழுங்கியபின் உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு தோன்றி, இரத்தக் குழாய்களை விரியச் செய்து, தசை சிக்கனமாக வேலை செய்யவும் உதவுகின்றது. கிருமிகளைக் கொல்லும் மருந்துநீரால் வாய் கொப்பளித்துவிட்டு நைட்ரேட் உட்கொண்டவர்களுக்கு நைட்ரைட் வழக்கம்போல் உயரவில்லை என்று 2008-இல் கண்டனர். பயிருக்கு மண்ணின் நுண்ணுயிர் உதவுவது போலவே மனிதனுக்கு நாவின் நுண்ணுயிர் உதவுகின்றது.

பலனை மிகைப்படுத்தியும் கொள்ளலாகாது. களைத்து விழும்வரை மிதிக்கும் நேரம் 16 சதவீதம் நீண்டதென்றால், பந்தயத்தில் 16 சதவீதம் முந்தலாம் என்று பொருளன்று. பழகிய சைக்கிள் வீரர்கள் 16 கிலோமீட்டர் தூரத்தை ஓட்டிமுடித்த நேரம், 2011-ஆம் வருஷச் சோதனையில் 2.7 சதவீதமே குறைந்தது. ஒப்புக்காகச் சொன்னால், 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடுகிறவனுக்கு அந்த வீதத்தில் 11 விநாடி மிச்சமாகும். சைக்கிளில் கண்டது ஓட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கில்லை. ஏற்கெனவே மிக உயர்ந்த பயிற்சி பெற்றவர்களுக்கு இப்பலன் இன்னும் குறைவு, பலருக்கு இல்லவேயில்லை. ஆயினும் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் சார்பில் 2018-இல் வெளியிடப்பட்ட அறிக்கையில், ஓட்ட ஆட்டத்தின் திறனை நேரே உயர்த்துவதற்குத் தக்க ஆதாரமுள்ளவை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு சில பொருள்களில் நைட்ரேட் ஒன்று. காப்புப் பொருள்களுக்கு அவ்வரிசையில் இடமில்லை.

அவ்வறிக்கை குறிக்கும் அளவு 310 முதல் 560 மில்லிகிராம் நைட்ரேட், ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன். பீட்ரூட்டில் நைட்ரேட்டின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பெரிதும் மாறும். கிலோவுக்கு 1000 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 300 கிராம் முதல் அரைக்கிலோ கிழங்கு போதும். வேகவைத்து வடித்த நீரை ஊற்றிவிட்டால் நைட்ரேட்டில் ஒரு நல்ல பகுதி அதனோடு போய்விடும். துருவிப் பச்சையாகவோ, சாறாகவோ, நீர் வற்றப் பொரியலாகவோ உண்பது மேல். பீட்ரூட் கிட்டாத இடத்தில் முளைக்கீரையும் பாலக்கீரையும் முள்ளங்கியும் இதே வேலையைச் செய்யும். இவையும் நைட்ரேட் மிகுந்தவை. விலையோ ஒரு புட்டிப் பொடியின் விலைக்கு அருகில் வைக்கத்தக்கதன்று.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பீட்ரூட் சாறும் கீரைச் சாறும் கொடுத்தலாகாது. அவர்கள் இரத்தம் நைட்ரைட்டினால் பிராணவாயுவை ஏந்தும் தன்மையை இழக்கக்கூடும். பிழிந்த சாற்றை வெளியில் மணிக்கணக்கில் வைத்திருந்து குடிப்பதும் கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர்களும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பீட்ரூட் உண்டபின் சிறுநீர் சிவந்து காணப்பட்டால் அச்சம் வேண்டாம், அது சாயமே.

களைப்புக்குப் பெரிய காரணம் வேறு

நாட்டுப்புறத்தில் உழைப்போர் விரைவில் சோர்வதற்குக் காப்புப் பொருள்களின் குறைவு காரணம் என்று கொள்வதற்கு ஆதாரம் அரிது. இரும்புச்சத்துக் குறைவினால் வரும் இரத்தசோகைக்கோ ஆதாரம் நிறைய உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேர் இரத்தசோகையுடையவர்களாகக் காணப்பட்டனர். பிராணவாயுவைத் தசைக்குச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தவன் எந்தப் பொடியை உண்டு என்ன?

இதனை வயலிலேயே அளந்து பார்த்தும் உள்ளனர். இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரும்புச்சத்து மருந்து கொடுத்து நடத்திய ஆராய்ச்சி 1979-இல் பிரசுரமாயிற்று. ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் பறித்த கொழுந்தின் எடையும் உயர்ந்தது. மிகவும் சோகையுற்றிருந்தவர்களிடம் இவ்வேற்றம் நன்றாகத் தெரிந்தது. இந்தோனேசியாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டும் ஆண்களிடமும் அதே வருஷம் இத்தகைய பலன் தெரியவந்தது.

நெல்லிக்காய்க்கு உண்மையான உபயோகம் இங்கேதான். கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு இவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேர்வதில்லை. அதே உணவோடு நெல்லி, எலுமிச்சை, கொய்யா இவற்றில் ஒன்று சேர்ந்தால், ஜீவசத்து சி அவ்விரும்பைக் கரைத்துக் குடல் ஏற்கும்படி செய்கின்றது. மாறாக, தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் சேரவிடாமல் தடுக்கின்றது. விளம்பரங்கள் புகழும் காப்புப் பொருள்களில் அத்துவர்ப்பும் ஒன்று! உணவோடு தேநீர் குடிக்கும் பழக்கமுள்ளவர்கள், உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுதல் வேண்டும். ஓடிப் பழகும் பிள்ளையோ களையெடுக்கும் பெண்ணோ காரணமின்றிச் சோர்ந்தால், பொடி வாங்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது முதல் வேலை.

பயிரிடுவோர் கவனிக்க வேண்டியவை

பீட்ரூட்டுக்குப் பலன் உண்டென்று கண்டதால், அதனை ஏக்கர் கணக்கில் விதைத்துவிடலாம் என்று துணிவது சரியன்று. இப்பயிர் நீலகிரியிலும் கொடைக்கானலிலும், ஓசூர், உடுமலைப்பேட்டை முதலிய சமவெளிப் பிரதேசங்களிலும் ஏற்கெனவே விளைந்து காய்கறிச் சந்தைக்கு வருகின்றது. ஓட்டக்காரர் வாங்கும் சாறு அச்சந்தையில் மிகச் சிறு பங்கு. சமையலுக்கு வாங்குவோரே விலையைத் தீர்மானிக்கின்றனர்.

நைட்ரேட் அதிகமாயிருந்தால் விலை அதிகம் கிடைக்கும் என்றெண்ணி யூரியாவை அள்ளி இடுவது இரட்டை நஷ்டம். தழைச்சத்து மிஞ்சினால் இலை செழித்துக் கிழங்கு தாழ்கின்றது. மேகமூட்டமான நாட்களில் நைட்ரேட் செடியில் மேலும் தேங்குகின்றது. வேர் உறிஞ்சாமல் விட்டது நிலத்தடி நீருக்கு இறங்குகின்றது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தோட்டத்துக் கிணற்று நீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீடுகள் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

சாறு அல்லது பொடி தயாரிப்போர் முன்கூட்டியே விலை பேசிப் பயிரிடச் சொன்னால், விலை, வாங்கும் குறைந்தபட்ச எடை, எந்தக் குறைக்காகச் சரக்கைத் தள்ளுவார்கள், நைட்ரேட் சோதனையை யார் செலவில் எங்கே செய்வது ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. தகராறு எழுவது அதில்தான். தமிழ்நாட்டில் ஒப்பந்தச் சாகுபடிக்கென 2019-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டிருக்கின்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் அதன் விதிகளைக் கேட்டறியலாம்.

வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மூன்று பாத்தி போதும். பீட்ரூட் விதை என்று விற்பது உண்மையில் பல விதைகள் ஒட்டிய காய். ஆகவே ஓரிடத்தில் இரண்டு மூன்று முளைகள் வரும். இரண்டாம் வாரத்தில் ஒன்றை விட்டு மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். களைந்த இளஞ்செடியைக் கீரையாகச் சமைக்கலாம். கிழங்கை அறுத்தால் உள்ளே கறுத்த புள்ளிகள் காணப்படுமாயின் மண்ணில் போரான் குறைவு என்று அறிந்து, மண் பரிசோதனை செய்து அதன்படி இட வேண்டும். வகைக்கேற்ப இரண்டு முதல் நான்கு மாதங்களில், கிழங்கு நார்பற்றிப் பருக்குமுன் பிடுங்கி, இலையைச் சிறிது காம்பு விட்டு நறுக்கினால் சாறு ஒழுகாது.